சம்மிட் ஹில்: கரி கிடைச்சது மலை மேல, காசு சேர்ந்தது மலைக்குக் கீழ

தம்பி, நீங்க கேட்டது மூணு விஷயம். பென்சில்வேனியாவுல எங்க பார்த்தாலும் 'பரோ'ன்னு போர்டு இருக்கே அப்படின்னா என்ன, சம்மிட் ஹில்னு ஒரு குட்டி ஊர்லதான் அமெரிக்காவோட முதல் ரயில் ஓடுச்சாமே அது நிஜமா, ரோலர் கோஸ்டரும் அங்கதான் பிறந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரே அதுவும் நிஜமா. ஒத்தை வரியில சொல்லணும்னா முதல் ரயில்ங்கிறது தப்பு, ரோலர் கோஸ்டர்ங்கிறது பாதி சரி. ஆனா அந்த ரெண்டையும் விட சுவாரசியமான கதை அந்த ஊருக்கு இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், டீ போட்டுட்டு வந்து உக்காந்துக்கோங்க.

முதல்ல பரோ. பென்சில்வேனியாவுல சிட்டி, பரோ, டவுன்ஷிப்னு உள்ளாட்சி பிரிச்சிருக்காங்க. டவுன்ஷிப்னா பெரும்பாலும் பரந்து கிடக்குற கிராமப் பகுதி, அதுக்கு நடுவுல எங்கயாவது வீடுங்க நெருக்கமா சேர்ந்து கடைத்தெரு, சர்ச், பள்ளிக்கூடம்னு ஆகுறப்போ அந்தத் துண்டை மட்டும் தனியா வெட்டி எடுத்து மேயர், கவுன்சில்னு வச்சுக்குவாங்க, அதான் பரோ. நம்ம பேரூராட்சி மாதிரின்னு நினைச்சுக்கலாம், ஆனா சில பரோ இன்னும் குட்டி. மாநிலம் முழுக்க 900க்கு மேல இருக்கு. நிலக்கரி ஏரியாவுல ஒரு ஊர் முடிஞ்சு அடுத்த ஊர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பரோ அந்தப் பக்கம் இன்னொரு பரோ, ரெண்டுக்கும் தனித்தனி மேயர்.

சம்மிட் ஹில் அப்படி ஒரு பரோ. பிலடெல்ஃபியாவுல இருந்து வடமேற்கா சுமார் 80 மைல், கார்பன் கவுண்டின்னே பேரு, அதாவது கரிக்காகவே பேர் வச்ச கவுண்டி. கடல் மட்டத்துல இருந்து 1,400 அடிக்கு மேல மலை முதுகுல உக்காந்திருக்கு, ஜனத்தொகை சுமார் 3,000. கிழக்கால ஒரு 9 மைல் இறங்கினா லீஹை ஆத்தங்கரையில இன்னொரு ஊர், இப்ப ஜிம் தார்ப்னு பேரு, அப்ப மாக் சங்க். லெனாப்பே பூர்வகுடிங்க பாஷையில 'கரடி மலை'ன்னு அர்த்தம். இந்த ரெண்டு ஊரையும் பிரிச்சுப் பார்த்தா கதையே புரியாது. மேல இருக்குற ஊர்ல கரி, கீழ இருக்குற ஊர்ல ஆறு, நடுவுல 9 மைல் இறக்கம். மேல கிடைச்சதை எப்படிக் கீழ கொண்டு வர்றதுங்கிறதுதான் இங்க நடந்த அத்தனைக்கும் மூல காரணம். ரயில், கால்வாய், கம்பெனி, தூக்குமேடை, டூரிஸ்ட் எல்லாமே அந்த 9 மைல்ல இருந்து வந்ததுதான்.

1791ல பிலிப் கிண்டர்னு ஒரு ஜெர்மன் குடியேறி, மாவு மில்லு கட்டிப் பிழைச்சுக்கிட்டிருந்த ஏழை, வேட்டைக்குப் போய் ஒண்ணும் கிடைக்காம இருட்டுற நேரம் மலை மேல வந்துக்கிட்டிருக்கான், சாஞ்சு கிடந்த மரத்தோட வேருக்கடியில கறுப்பா ஒரு கல்லு தென்படுது. கல்லுக்கரின்னு ஒண்ணு இந்தப் பக்கம் இருக்குன்னு யாரோ பேசிக் கேட்டிருக்கான், அதனால எடுத்துட்டுப் போய் கீழ இருந்த கர்னல் ஜேக்கப் வைஸ்கிட்ட குடுத்தான். அவர் அதைப் பிலடெல்ஃபியாவுக்கு எடுத்துட்டுப் போய் காட்ட, அங்க இருந்த பெரிய தலைங்க முழிச்சுக்கிட்டாங்க, அதுல ஒருத்தர் மைக்கேல் ஹில்லகாஸ், அமெரிக்காவோட முதல் கருவூலத் தலைவர். அடுத்த வருஷமே லீஹை கோல் மைன் கம்பெனின்னு ஆரம்பிச்சு சுமார் 10,000 ஏக்கர் வளைச்சுப் போட்டாங்க. கிண்டர் பதிலுக்குக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மில்லு கட்ட ஒரு துண்டு நிலம். அதுவும் குடுத்தாங்க, ஆனா அந்த நிலத்துக்கு வேற ஒருத்தன் ஏற்கனவே சர்வே பண்ணி வச்சிருந்ததா தெரிஞ்சு அதுவும் போச்சுன்னு சொல்லுவாங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

சரி, கம்பெனிக்காரனாவது சம்பாதிச்சானான்னா அதுவும் இல்ல. இங்க கிடைக்கிறது ஆந்த்ரசைட், நிலக்கரியிலயே ரொம்பக் கெட்டி ரகம், 90 சதவீதத்துக்குப் பக்கம் வெறும் கார்பன், கையில எடுத்தா கண்ணாடி மாதிரி மினுக்கும், கரி ஒட்டக்கூட ஒட்டாது. புகை இல்ல, நின்னு எரியும், சூடு அதிகம். ஆனா பத்த வைக்கிறது இருக்கே, அதான் பிரச்சனை. விறகு எரிஞ்ச அடுப்புல இதைப் போட்டா இது கல்லு மாதிரி உக்காந்திருக்கும், கிளறக் கிளற இன்னும் அணைஞ்சு போகும். 1803ல 6 பெரிய மரப்படகுல கரியை ஏத்தி ஆத்துல விட்டாங்க, பாறையில மோதினது போக பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தது ரெண்டு. அதை வாங்கின நகர தண்ணி சப்ளைக்காரங்க எஞ்சின் அடுப்புல போட்டுப் பார்த்தா இருந்த நெருப்பும் அணைஞ்சுடுச்சு. மிச்சத்தை உடைச்சு நடைபாதையில ஜல்லிக்குப் பதிலா கொட்டிட்டாங்க.

கரியோட குணம் தெரியாம கரியைத் திட்டிக்கிட்டிருந்த காலம் அது. 1808ல வில்க்ஸ் பேர் ஊர்ல ஜெஸ்ஸி ஃபெல்னு ஒருத்தர் கீழ காத்து போற மாதிரி இரும்புக் கம்பி தட்டு செஞ்சு வீட்டு அடுப்புலயே எரிச்சுக் காட்டிட்டாரு, ஆனா செய்தி பரவ நாளாச்சு. பரவ வச்சது 1812 யுத்தம். இங்கிலாந்து கப்பல்கள் வழியை மறிச்சதும் லிவர்பூல்ல இருந்தும் வர்ஜீனியாவுல இருந்தும் வந்துக்கிட்டிருந்த சாதா கரி நின்னு போச்சு. ஸ்கூல்கில் ஆத்துப் பக்கம் ஜோசையா வைட், எர்ஸ்கின் ஹசார்ட்னு ரெண்டு பேர் இரும்புக் கம்பி மில்லு நடத்திக்கிட்டிருந்தாங்க, வேற வழியில்லாம ஆந்த்ரசைட்டை வாங்கிப் போட்டு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்காங்க, எரியவே இல்ல. வேலைக்காரங்க வெறுத்துப் போய் உலைக் கதவை மூடிட்டுக் கிளம்பிட்டாங்க. அதுல ஒருத்தன் சட்டையை மறந்துட்டேன்னு அரை மணி கழிச்சுத் திரும்பி வந்தா உலைக் கதவே செக்கச் செவேல்னு இருக்கு. கிளறாம சும்மா விட்டாப் போதும்! சட்டை கதை கொஞ்சம் மசாலாவா இருக்கலாம், ஆனா விஷயம் உண்மை, ஆந்த்ரசைட்டுக்கு வேண்டியது கீழ இருந்து காத்தும் மேல இருக்கிறவன் பொறுமையும்தான்.

வைட் ஒரு குவேக்கர், அதாவது அந்தப் பேர்ல இருக்குற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், பிடிச்ச பிடியை விடாத ஆளு. 1818ல அந்தப் பழைய கம்பெனியோட மொத்த நிலத்தையும் 20 வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுத்தாங்க. குத்தகை எவ்வளவு தெரியுமா, வருஷத்துக்கு ஒரு சோளக் கதிர், அதுவும் கேட்டா மட்டும். கூடவே பிலடெல்ஃபியாவுக்குக் கரி அனுப்பிக் காட்டணும்ங்கிற நிபந்தனை. லீஹை ஆத்தை சரி பண்ணிக்க மாநில சட்டசபைகிட்ட அனுமதி கேட்டதுக்கு, தாராளமா குடுங்கப்பா, கெட்டுப் போகணும்னு ஆசைப்படுறவங்களை நாம எதுக்குத் தடுக்கணும்ங்கிற தொனியில பேசித்தான் குடுத்தாங்களாம்.

லீஹை ஆறு மழைக்கு வெள்ளம், வெயிலுக்கு வெறும் பாறை. வைட் என்ன பண்ணாரு, ஆத்துக்குக் குறுக்க சின்னச் சின்ன அணை கட்டி அதுல தண்ணியோட அழுத்தத்தாலயே நிமிர்ந்து நிக்கிற, திறந்து விட்டா படுத்துக்கிற கதவு வச்சாரு. தண்ணி சேர்ந்ததும் கதவைப் படுக்க வச்சா திடீர் வெள்ளம், அந்த வெள்ளத்து மேலயே படகு சவாரி பண்ணிப் போகும். இதைச் சோதிச்சுக்கிட்டிருந்தப்போ போற வர்றவன் எல்லாம் என்னய்யா பண்றீங்கன்னு நச்சரிக்க, வேலைக்காரன் கடுப்புல 'கரடிப் பொறி வைக்கிறோம்'னு சொல்லிட்டான், அந்தப் பேரே நிலைச்சுப் போச்சு, இன்னிக்கும் இஞ்சினியரிங்ல அந்த ரகக் கதவுக்கு அதான் பேரு. 1820ல முதல் முறையா 365 டன் போச்சு. நாளைக்கு ஒரு டன் கணக்கு. அதையே வித்து முடிக்கத் திணறினாங்க. அஞ்சே வருஷத்துல, 1825ல, 28,000 டன்னைத் தாண்டிடுச்சு.

படகுன்னு சொன்னேனே, அது ஒரு வழிப் படகு. பெட்டி பெட்டியா மரத்துல செஞ்சு ஒண்ணோட ஒண்ணு கோர்த்து கரியை ஏத்தி விடுவாங்க, பிலடெல்ஃபியா போனதும் கரியையும் வித்து படகைப் பிரிச்சு மரத்தையும் வித்துட்டு ஆணியையும் கீலையும் மட்டும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவாங்க. படகுக்காரன் நடந்தே திரும்பி வரணும். எத்தனை மரம் வெட்டியிருப்பானுங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அந்த மலை முழுக்க மொட்டை ஆனது கரி தோண்டினதால மட்டும் இல்ல. 1829ல மாக் சங்க்ல இருந்து ஈஸ்டன் வரைக்கும் 46 மைல் லீஹை கால்வாய் முழுசா திறந்ததும்தான் போற படகு திரும்பி வர ஆரம்பிச்சுது.

இப்ப உங்க ரயிலுக்கு வர்றேன். சம்மிட் ஹில்ல சுரங்கமே கிடையாது ஆரம்பத்துல, கல் குவாரி மாதிரி திறந்த பள்ளம், மேல் மண்ணை அள்ளிப் போட்டா கீழ 50 அடி கனத்துக்குக் கரி. தோண்டுறது சுலபம், ஆத்தங்கரைக்கு இறக்குறதுதான் செலவு. முதல்ல வண்டிப்பாதை போட்டாங்க, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே சீரான இறக்கமா இருக்கணும்னு வைட் அளந்து போட்ட பாதை. அந்தப் புத்திசாலித்தனம்தான் பின்னாடி கை குடுத்துச்சு. 1827ல அதே பாதை மேலயே மரச்சட்டம் அடிச்சு அது மேல இரும்புப் பட்டை அறைஞ்சு தண்டவாளம் ஆக்கிட்டாங்க, பாதை ஏற்கனவே ரெடியா இருந்ததால சில மாசத்துல வேலை முடிஞ்சு மே மாசம் வண்டி ஓடுச்சு. எஞ்சின் இல்ல. மேல பிரேக்கை விட்டா வண்டி தானா உருண்டு வரும், பல வண்டிக்கு சேர்த்து ஒரே ஆளு கயித்தைப் பிடிச்சு பிரேக் போட்டுக்கிட்டே வருவான். 9 மைல் இறங்க சுமார் அரை மணி நேரம். ஆத்தங்கரைக்கு மேல நின்னதும் சறுக்கு வழியா கரி நேரா படகுல விழும்.

காலி வண்டியை மேல இழுக்குறது யாரு? கோவேறு கழுதை. அதுங்க கீழ வர்றதுக்குன்னு தனி வண்டி, தீனித் தொட்டியோட, கரி வண்டிக்குப் பின்னாடியே கோர்த்து விட்டுடுவாங்க. அதுங்க பாட்டுக்கு தின்னுக்கிட்டே வேடிக்கை பார்த்துக்கிட்டே இறங்கும், அப்புறம் மூணு நாலு மணி நேரம் இழுத்துக்கிட்டு ஏறும். கொஞ்ச நாள்ல கழுதைங்க பழகிடுச்சு, என்னிக்காவது இறக்கத்துல நடக்கச் சொன்னா ஒரு அடி எடுத்து வைக்காதாம், அடிச்சாலும் வராதாம். எனக்கு இந்த மொத்த வரலாத்துலயும் உரிமைன்னு ஒண்ணைக் கேட்டு ஜெயிச்ச தொழிலாளி அந்தக் கழுதைதான்னு தோணும்.

இது அமெரிக்காவோட முதல் ரயிலான்னா இல்ல. மாசசூசெட்ஸ்ல குவின்சி பக்கம் கிரானைட் ரயில்வே ஒரு வருஷம் முன்னாடியே, 1826ல, நினைவுச் சின்னம் கட்ட கல்லு இழுத்துக்கிட்டிருந்துச்சு, அதுக்கும் முன்னாடி பென்சில்வேனியாவுலயே 1810 வாக்குல லைப்பர்னு ஒருத்தர் குவாரிக்குச் சின்னதா ஒரு பாதை போட்டிருந்தாரு. ஆனா அதெல்லாம் ரெண்டு மூணு மைலோட நின்ன சமாச்சாரம். 9 மைல் நீளம், தினசரி வருமானம் பார்க்குற தொழில்னு எடுத்தா மாக் சங்க் பாதைக்கு நிஜமான இடம் உண்டு. அமெரிக்காவுல வணிகத்துக்குப் போட்ட தண்டவாளத்துல நீராவி எஞ்சின் ஓடினது அதுக்கும் அப்புறம், 1829ல, வடக்கால ஹோன்ஸ்டேல்னு இன்னொரு பரோவுல, அதுவும் கரிக்காகத்தான், இங்கிலாந்துல இருந்து இறக்கின ஸ்டவர்பிரிட்ஜ் லயன். எஞ்சின் கனத்துக்குத் தண்டவாளம் தாங்கலைன்னு அதை ஓரங்கட்டினது தனிக் கதை. ஆக 'முதல்'ங்கிற பட்டத்துக்கு இந்தப் பக்கம் பல ஊர் அடிச்சுக்கும், எதையும் முழுசா நம்பாதீங்க.

கரி கூடக் கூடக் கழுதை பத்தல. 1840கள் நடுவுல கீழ இருந்து மேல போறதுக்குன்னே இன்னொரு பாதை போட்டாங்க. மாக் சங்க்ல பிஸ்கா மலை உச்சியில நீராவி எஞ்சின் வச்சு செங்குத்தான சாய்தளம், நீளம் 2,322 அடி, உயரம் 664 அடி. காலி வண்டி அடிவாரத்துக்கு வந்து நின்னதும் பள்ளத்துக்குள்ள இருந்து 'பார்னி'ன்னு ஒரு குட்டி வண்டி எழுந்து வந்து பின்னாடி இருந்து முட்டும், எஞ்சின் இரும்புப் பட்டையால பார்னியை இழுக்க, பார்னி வண்டியைத் தள்ளிக்கிட்டே உச்சிக்குக் கொண்டு போய் விடும். அங்க இருந்து ஆறு மைல் சும்மா உருண்டு ஜெஃபர்சன் மலை அடிவாரம், அங்க இன்னொரு சாய்தளம், அப்புறம் ஒரு மைல் உருண்டா சம்மிட் ஹில். கரி ஏத்திக்கிட்டு பழைய 9 மைல் இறக்கம். மொத்தம் 18 மைல் சுத்து, அதுல எஞ்சின் வேலை செஞ்சது அந்த ரெண்டு ஏத்தத்துல மட்டும், மிச்சம் எல்லாம் புவியீர்ப்பு. சம்மிட் ஹில்லுக்கு அந்தப் பக்கம் பேந்தர் பள்ளத்தாக்குல இருந்த புதுச் சுரங்கங்களுக்கு இறங்குறப்போ வண்டி முன்னாடி போய், தானா மாறுற தண்டவாளத்துல பின்னாடி வந்து, மறுபடி முன்னாடின்னு 'இசட்' மாதிரி இறங்கும், அதால வந்த பேருதான் ஸ்விட்ச்பேக்.

1872ல மலையைக் குடைஞ்சு ஹாட்டோ சுரங்கப்பாதை திறந்ததும் கரி எல்லாம் சாதா ரயில்ல அந்த வழியா போக ஆரம்பிச்சுடுச்சு, ஸ்விட்ச்பேக்குக்கு வேலை இல்ல. வேற எங்கயும்னா பிடுங்கிப் போட்டிருப்பான். ஆனா இதுல 1820கள் கடைசியிலயே ஜனங்க வேடிக்கைக்கு ஏறிப் போக ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால முழுசா டூரிஸ்ட் ரயில் ஆக்கிட்டாங்க. நியூயார்க், பிலடெல்ஃபியாவுல இருந்து குடும்பம் குடும்பமா வந்து ஏறியிருக்காங்க. 1884ல நியூயார்க் கோனி ஐலண்டுல லாமார்கஸ் தாம்ப்சன் ஒரு பொழுதுபோக்கு சவாரி ஆரம்பிச்சாரு, 600 அடி நீளம், மணிக்கு 6 மைல் வேகம், டிக்கெட் 5 சென்ட், பேரு ஸ்விட்ச்பேக் ரயில்வே. பேரே காட்டிக் குடுக்குது எங்க இருந்து வந்துச்சுன்னு. ஆனா ரஷ்யாவுல பனிச் சறுக்கு மேடை அதுக்கும் முன்னாடியே இருந்துச்சு, அதைப் பார்த்து பாரிஸ்ல 1817லயே சக்கரம் வச்ச வண்டியில ஜனங்களை உருட்டி விட்டுக்கிட்டிருந்தாங்க. அதனாலதான் பாதி சரின்னு சொன்னேன். அமெரிக்க ரோலர் கோஸ்டருக்கு இது தாத்தா, உலகத்து ரோலர் கோஸ்டருக்கு ஒண்ணு விட்ட சித்தப்பா.

அந்த டூரிஸ்டுங்க சம்மிட் ஹில்ல இறங்கி எதைப் பார்த்தாங்கன்னா, எரியுற சுரங்கத்தை. 1859ல நிலத்தடி கரியில பிடிச்ச தீ, அணைக்க என்னென்னமோ பண்ணிப் பார்த்து சுமார் 80 வருஷம் எரிஞ்சுது. சென்ட்ரேலியான்னு ஒரு ஊர் எரியுறதைப் பத்திப் படிச்சிருப்பீங்க, அதுக்கு 100 வருஷம் முன்னாடியே இங்க இந்தக் கூத்து. ஊருக்கு அடியில எரியுற தீயைக் காட்டிக் காசு பார்த்தது ரயில் கம்பெனி, அதுக்குப் பக்கத்துலயே குடித்தனம் பண்ணது ஊர்க்காரங்க.

ஊர்க்காரங்கன்னா யாரு? முதல்ல சுரங்க வேலை தெரிஞ்ச வேல்ஸ்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும், அவங்களுக்கு மேஸ்திரி, சூப்பர்வைசர் வேலை. பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரங்களுக்கு அவங்க கீழ கூலி வேலை. அப்புறம் ஸ்லோவாக், போலிஷ், லிதுவேனியன், உக்ரைன்காரங்க. கரியில கலந்திருக்குற கல்லைப் பொறுக்க 'பிரேக்கர்'னு பெரிய மரக் கட்டடம், அதுல எட்டு பத்து வயசுப் பையங்க சரிவுல வரிசையா உக்காந்து கால் இடுக்குல ஓடுற கரியில இருந்து கல்லை எடுத்து வீசணும், கையில உறை போடக்கூடாது. அப்படி ஆரம்பிச்சவன் வளர்ந்து உள்ள போய் கரி வெட்டி, நெஞ்சுல தூசி அடைஞ்சு மூச்சு முட்டி, திரும்ப அதே பிரேக்கர்ல கல்லு பொறுக்குற வேலைக்கு வந்து சேருவான்.

இந்தப் புகைச்சல்ல வெடிச்சதுதான் மாலி மகுவயர்ஸ்னு சொல்லப்பட்ட ஐரிஷ் ரகசிய கும்பல் விவகாரம். 1871 டிசம்பர்ல மார்கன் பவல்ங்கிற சுரங்க அதிகாரியை சம்மிட் ஹில்லயே சுட்டாங்க. 1875 செப்டம்பர்ல பக்கத்து லான்ஸ்ஃபோர்ட்ல ஜான் ஜோன்ஸ்னு இன்னொரு அதிகாரி. ரெண்டு பேரும் வேல்ஸ் ஆளுங்க. அந்தக் கும்பல் வேலைன்னு சொல்லி ரீடிங் ரயில்வே தலைவர் ஃபிராங்க்ளின் கோவன் ஏற்பாடு பண்ண பிங்கர்ட்டன் துப்பறியும் ஆளு ஜேம்ஸ் மெக்பார்லண்டோட சாட்சியத்தை வச்சு பல வழக்கு நடந்துச்சு. துப்பறிஞ்சது தனியார் கம்பெனி, அரசு தரப்புல வாதாடினதுல பல பேர் ரயில்வே, கரி கம்பெனி வக்கீலுங்க, அரசாங்கம் குடுத்தது கோர்ட் ஹாலும் தூக்குமேடையும்தான். 1877 ஜூன் 21 அன்னிக்கு மாக் சங்க் ஜெயில்ல நாலு பேரு, அதே நாள் பாட்ஸ்வில்ல ஆறு பேரு. 1879 வரைக்கும் மொத்தம் 20 பேரைத் தூக்குல போட்டாங்க. மாக் சங்க் நாலு பேர்ல அலெக்சாண்டர் கேம்ப்பெல் லான்ஸ்ஃபோர்ட் பக்கம் ஹோட்டல் நடத்தினவரு. நான் நிரபராதின்னு சொல்லி 17ஆம் நம்பர் செல் சுவத்துல கை அடையாளம் பதிச்சாராம், எத்தனை தடவை பூசினாலும் திரும்ப வருதாம். அந்த ஜெயில் இப்ப மியூசியம், நான் போய்ப் பார்த்திருக்கேன், ஏதோ ஒரு கறை மாதிரி இருக்கு. கறையை விட எனக்கு உறுத்தினது அந்தத் தூக்குமேடை இருந்த கூடத்தோட சின்ன அளவு. கொலையே நடக்கலன்னு சொல்ல வரல, நடந்துச்சு. ஆனா யாரு செஞ்சாங்கன்னு தீர்மானிச்ச விதம் அப்படி. இதுல தூக்குல போன ஜான் கீஹோவுக்கு 1979ல மாநில கவர்னர் மரணத்துக்குப் பிந்தின மன்னிப்பு குடுத்தாரு.

கீழ மாக் சங்க்ல போய் நின்னீங்கன்னா பணம் எங்க தங்குச்சுன்னு தெரியும். மலைச்சரிவுல ஏசா பேக்கர் மாளிகை, 1861ல கட்டினது. கனெக்டிகட்டுல இருந்து வந்து கால்வாய்ப் படகு ஓட்டி, படகு கட்டி, கடைசியில கால்வாய்க்கே எமனா லீஹை வேலி ரயில்ரோடைப் போட்ட ஆளு. 1865ல 5 லட்சம் டாலர் குடுத்து லீஹை யூனிவர்சிட்டியை ஆரம்பிச்சாரு. அதே சாலையில காரைத் திருப்பி 9 மைல் ஏறி சம்மிட் ஹில் போங்க, வரிசை வீடு, சர்ச்சு, கல்லறை, ஊருக்கு வெளியில கறுப்பு மேடு. மாளிகைன்னு ஒண்ணு கண்ணுல படாது. கரி உருண்ட அதே இறக்கத்துல காசும் உருண்டு போயிருக்கு.

1917ல ஆந்த்ரசைட் ஏரியா மொத்தமும் சுமார் 10 கோடி டன் தோண்டினாங்க, அதான் உச்சம். அப்புறம் வீட்டுக்கு எண்ணெயும் கேஸும் வர, சரிவுதான். ஸ்விட்ச்பேக் 1930கள் மந்தநிலையில நின்னுது, 1937ல தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டாங்க. 1954ல பேந்தர் பள்ளத்தாக்குல பெரிய கரி கம்பெனியே மூடிட்டுப் போயிடுச்சு. ஆம்பளைங்க நியூ ஜெர்சி பக்கம் வேலைக்குப் போய் வார லீவுக்கு வர, வீட்டுப் பொம்பளைங்க துணி தைக்குற ஃபேக்டரிக்குப் போய் குடும்பத்தை நடத்தினாங்க. அதே 1954லதான் மாக் சங்க், எதிர்க்கரை ஈஸ்ட் மாக் சங்க் ரெண்டு பரோவும் சேர்ந்து ஜிம் தார்ப்னு பேரை மாத்திக்கிச்சு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல ரெண்டு தங்கம் ஜெயிச்ச பூர்வகுடி வீரர், முந்தின வருஷம் இறந்தவரு, இந்த ஊர்ல காலே வச்சதில்ல. அவர் மனைவியோட ஒப்பந்தம் போட்டு உடலை வாங்கி சமாதி கட்டி, அதைப் பார்க்க ஜனம் வரும், ஊர் பிழைக்கும்னு கணக்கு. ஓக்லஹாமாவுல எங்க மண்ணுல புதைக்கணும்னு மகன்கள் போட்ட வழக்கு கடைசியில 2015ல சுப்ரீம் கோர்ட் எடுத்துக்க மறுத்ததோட முடிஞ்சுது, உடல் அங்கேயேதான் இருக்கு.

நேர்ல போறதா இருந்தா ஜிம் தார்ப்ல அக்டோபர் வார லீவுக்கு மட்டும் போகாதீங்க, இலை நிறம் மாறுறதைப் பார்க்க வர்ற கூட்டத்துல பார்க்கிங் கிடைக்காது. முதல்ல லான்ஸ்ஃபோர்ட்ல நம்பர் 9 சுரங்கத்துக்குப் போங்க, 1855ல திறந்து 1972 வரைக்கும் ஓடினது, இப்ப மியூசியம், உள்ள ரயில்லயே கூட்டிட்டுப் போவாங்க, ஜூன் மாசத்துலயும் ஸ்வெட்டர் வேணும். அப்புறம் சம்மிட் ஹில். பழைய ஸ்விட்ச்பேக் பாதை இப்ப சைக்கிளும் நடையும் போற டிரெயில். சைக்கிளை மேல கார்ல ஏத்திட்டுப் போய் அங்க இருந்து கீழ விடுங்க, பெடல் பெருசா மிதிக்கவே வேணாம், 1818ல வைட் அளந்து வச்ச இறக்கம் இன்னும் அப்படியே இருக்கு. நான் முதல் தடவை அவசரப்பட்டு ஜிம் தார்ப்ல இருந்து மேல ஏற ஆரம்பிச்சேன், மூணாவது மைல்ல அந்தக் கழுதைங்க ஞாபகம் வந்து இறங்கித் தள்ளிக்கிட்டே போனேன்.